கேள்விக்கும் உருபு வேண்டும்

வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அமைந்திருக்கும் பரங்கிப்பேட்டைக்குப் பெயர்கள் பல. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே கரையிறங்கிய போர்ச்சுக்கீசியர் அதைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம், என்று அழைத்தார்கள். மரக்கலம் ஓட்டி வாணிபம் செய்த முஸ்லிம் பெருமக்களிடையே அது மஹ்மூது பந்தர் எனப்பட்டது, பந்தர் என்ற பாரசீகச் சொல்லுக்கும் துறைமுகம் என்பதே பொருள். பரங்கியர் வந்து தங்கிய பேட்டையாதலால் தமிழ் ஜனங்களின் வாயில் அது பரங்கிப்பேட்டை ஆயிற்று. 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் சேனையும் மோதிய யுத்தத்தைப் போர்ட்டோ நோவோ யுத்தம் என்று சரித்திரப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அது நடந்த இடம் பரங்கிப்பேட்டைதான் என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளங்கிவிடும்.

யந்திரத்தின் பக்கத்தில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. ரயில்வேயின் பட்டியலில் இவ்வூர் 'பி', 'ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டுமே. போர்ட்டோ என்ற பழம்பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அங்கே இன்னமும் உயிரோடிருக்கின்றன. தபால் இலாகாவுக்கு இது 608502 என்ற ஆறு இலக்கம். எந்த யந்திரத்திடம் கேட்கிறோமோ அந்த யந்திரம் அறிந்த பெயரில், அது எதிர்பார்க்கும் கட்டத்தில், நாம் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கொடுக்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆங்கிலத்தில் பாராமீட்டர் என்று பெயர். நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் அதை அளபுரு என்கிறது. கணினித் துறையாருக்கு மட்டுமே உரிய நுட்பம் என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. பட்டா எடுக்கவும், பயணச்சீட்டு வாங்கவும், தேர்வு முடிவு பார்க்கவும் நாம் எல்லோரும் இப்போது அளபுருக்களைக் கொண்டுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பரங்கிப்பேட்டைக்குச் சமீபத்தில், ஒரு சேவை மையத்தில், நான் என் காரியத்துக்காகக் காத்திருந்த ஒரு முற்பகலில் இந்த விஷயம் என் மனத்தில் நன்றாகப் பதிந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். அதில் '117/2' என்று மட்டும் எழுதியிருந்தது. மையத்தில் இருந்த பெண் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த கட்டத்தில் 117 என்று அடித்தாள். திரையில் ஒரு பட்டா வந்தது. பெயரை அவள் வாய்விட்டுப் படித்ததும் பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது.

"அது யாரும்மா? என் நிலத்தை யாரோ எழுதிக்கிட்டாங்களா?" என்றார். குரல் நடுங்கியது.

"பதறாதீங்க அய்யா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். 117 என்ற எண்ணைப் 'பட்டா எண்' என்ற கட்டத்தில் அல்லவா அடித்திருக்கிறாள்! பெரியவர் கொண்டுவந்தது புல எண். அதன் உட்பிரிவு 2. பட்டா எண் ஓர் ஆளின் பெயரில் ஒரு கிராமத்தில் உள்ள நிலங்களைச் சேர்த்துக் காட்டுவது. புல எண் அளந்து கல் நட்ட ஒரு துண்டு மண்ணைக் காட்டுவது. இரண்டும் எண்கள்தாம், இரண்டும் அதே கிராமத்துக்கு உரியவைதாம், ஆயினும் ஒன்று ஆளைச் சுட்டுகிறது, மற்றொன்று மண்ணைச் சுட்டுகிறது. 'புல எண்' என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, 117ஐ ஒரு கட்டத்திலும் 2ஐ மற்றொரு கட்டத்திலும் இட்டதும் பெரியவரின் தகப்பனார் பெயர் திரையில் வந்தது. அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

இதில் கணினி தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையையே சொன்னது. கேள்விதான் பெரியவருடைய கேள்வியாக இல்லை. சரியான மதிப்பு தவறான ஸ்தானத்தில் போய் உட்கார்ந்ததால், பிழையென்று சொல்லத்தக்க ஒரு செய்திகூட வராமல், முழு நம்பிக்கையோடு ஒரு தவறான விடை வந்துவிட்டது. அளபுருக்களால் விளையும் ஆபத்துகளில் இதுவே மிகக் கொடியது.

இந்த ஆபத்தைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாக அறியும் என்பது என் திடமான அபிப்பிராயம். 'அண்ணன் தம்பிக்குப் பணத்தைக் கொடுத்தான்' என்று சொல்கிறோம். இதையே 'பணத்தைத் தம்பிக்கு அண்ணன் கொடுத்தான்' என்றும், 'தம்பிக்கு அண்ணன் பணத்தைக் கொடுத்தான்' என்றும் மாற்றிச் சொன்னாலும் கொடுத்தவன் அண்ணனே, பெற்றவன் தம்பியே. சொற்கள் இடம் மாறியும் பொருள் மாறாதிருப்பதற்குக் காரணம், 'தம்பி', 'பணம்' என்ற சொற்கள் தம் வேலை இன்னதென்று அறிவிக்கும் 'கு', 'ஐ' என்னும் வேற்றுமை உருபுகளைத் தம்மோடு சுமந்து வருவதுதான். அந்த உருபுகளைக் கழற்றிவிட்டு 'அண்ணன் தம்பி பணம் கொடுத்தான்' என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று திகைக்க நேரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு இத்தகைய உருபுகள் அநேகமாக இல்லாததால், அங்கே சொல்லின் இடமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

கணினி மொழிகளிலும் இந்த இரண்டு மார்க்கங்களும் இருக்கின்றன. முதலாவது புறப்படும் ஊர், இரண்டாவது சேரும் ஊர், மூன்றாவது தேதி என்று வரிசையை மட்டும் நம்பி மதிப்புகளைக் கொடுப்பது ஒன்று. வரிசை எதுவாயினும் ஒவ்வொரு மதிப்போடும் அதன் பெயரைச் சேர்த்தே கொடுப்பது மற்றொன்று. முதல் மார்க்கத்தில் இரண்டு ஊர்கள் இடம் மாறினால், சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டியவருக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்குச் சீட்டு கிடைக்கும். இரண்டாம் மார்க்கத்தில், பைத்தான் போன்ற மொழிகளில் செய்வதுபோல் பெயரிட்டுக் கொடுத்துவிட்டால், 'இருந்து', 'கு' என்னும் நம்முடைய உருபுகள் செய்யும் காவலை அந்தப் பெயர்களே செய்துவிடுகின்றன. கணினியின் செயற்கூறு ஒன்றுக்கு நாம் கொடுத்தனுப்பும் மதிப்பைப் பாடநூலாசிரியர்கள் 'செயலுருபு' என்று பெயரிட்டார்கள். அவர்கள் எதை நினைத்து அவ்வாறு பெயரிட்டிருந்தாலும், உருபு என்ற சொல் அதனுள்ளே வந்து அமர்ந்திருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. 'பால் குடித்தான்' என்று ஐ என்னும் உருபைத் தொக்கவைத்தும் பேசுகிறோம். கேட்பவர் அதைத் தாமே விரித்துக்கொள்கிறார். கணினியிலும், தேதியைக் கொடுக்காவிட்டால் இன்றைய தேதி என்று கொள்க, எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் ஒருவர் என்று கொள்க என்று முன்கூட்டியே விதித்து வைக்கலாம். ஆனால் மனிதர் சந்தர்ப்பத்தைப் பார்த்து விரிக்கிறார். யந்திரமோ விதித்தபடியே விரிக்கும். ஆகையால் எதைத் தொக்கவைக்கலாம், எதைக் கட்டாயம் கேட்டே தீரவேண்டும் என்று நிர்ணயிப்பது செயற்கூற்றை எழுதுபவரின் பெரும் பொறுப்பு.

செயற்கூறு என்பது யாது? ஒரு முறை எழுதி வைத்துவிட்டுத் தேவைப்படும்போதெல்லாம் வேறு வேறு மதிப்புகளைக் கொடுத்து ஏவிக்கொள்ளத்தக்க கட்டளைத் தொகுதி. வெள்ளாற்றின் கழிமுகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்து மாணவர்கள் அலசி ஆராய்கிறபோது, நீரின் வெப்பம், உவர்ப்பு, கரைந்திருக்கும் பிராணவாயு ஆகியவற்றைப் பாராமீட்டர்கள் என்றே குறித்துக்கொள்கிறார்கள். ஆறும் அதன் நியதியும் மாறுவதில்லை. கடல் ஏறும்போது ஓர் உவர்ப்பும், வடியும்போது வேறு உவர்ப்புமாக மதிப்புகளே மாறுகின்றன. செயற்கூற்றின் தத்துவமும் அதுவே. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்ற கணினியில், எழுதிய கட்டளைத் தொகுதியை மறுபடி மறுபடி அழைத்துக்கொள்ளும் உபாயத்தை டேவிட் வீலர் என்ற இளைஞர் வகுத்தார். அவரும் அவருடைய சகாக்களான வில்க்ஸும் கில்லும் 1951இல் இதையெல்லாம் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

மதிப்பைக் கொடுத்தனுப்புவதில் இரு வகை உண்டு. பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தால், வாங்கியவர் அதில் கோடு கிழித்தாலும் கிழித்துப் போட்டாலும் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் மூலப்பத்திரத்துக்கு ஒன்றும் நேராது. இது மதிப்பு மூலம் அழைத்தல். பெட்டி இருக்கும் இடத்தையே சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டால், அவர் அங்கே செய்யும் திருத்தம் மூலத்திலேயே நிகழும். இது குறிப்பு மூலம் அழைத்தல். பழைய ஃபோர்ட்ரான் தொகுப்பிகள் சிலவற்றில் எல்லாவற்றையும் இரண்டாம் வகையில் அனுப்பியதால் ஒரு விபரீதம் நேர்ந்ததுண்டு: 4 என்ற மாறா எண்ணையே ஒரு செயற்கூற்றுக்கு அனுப்பி, அது உள்ளே அதனை 5 என்று மாற்றிவிட்டால், அதன்பின் நிரலில் 4 என்று எழுதிய வேறு இடங்களிலும் 5 என்றே கணக்காகிவிடும். பெரிய அளவிலான விவரங்களைத் திரும்பத் திரும்ப நகலெடுப்பது வீண் செலவு என்பதால் இரண்டாம் வகைக்கும் அவசியம் உண்டு. எதைக் கொடுக்கிறோம், நகலையா மூலத்தையா என்று அறிந்து கொடுப்பதே விவேகம்.

கொடுக்கவேண்டியது இன்னதென்று முன்கூட்டிச் சொல்லும் வாசகத்தில் சொல்லுக்கு எத்தனை கனம் உண்டு என்பதைப் பரங்கிப்பேட்டையோடு தொடர்புடைய ஒருவரின் துயரக் கதை காட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். பின்னர் இங்கிலாந்து சென்று, வார்ப்பு எஃகு செய்யும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளை மூசையில் இட்டால் எஃகு உயர்வுபெறும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். உரிமைப் பத்திரத்தில் இடவேண்டிய பொருளாக அவர் எழுதியது அந்தக் கூட்டுப்பொருளை. ஆனால் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டாலும் உள்ளே அவை கூடி அதே பலனைத் தந்தன. அதுவே மலிவாகவும் இருந்தது. ஷெஃபீல்டு ஆலைகள் அவ்வாறே செய்யத் தொடங்கின. பல்லாண்டுகள் நடந்த வழக்கில், ஹீத் இறந்த பின், 1855இல் பிரபுக்கள் சபை அவருடைய பக்கத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பலன் ஒன்றாயிருந்தும், இடப்பட்ட பொருளின் வடிவம் வாசகத்தில் சொன்ன வடிவமன்று என்பதே அங்கே முடிவாக நின்றது. செயற்கூறும் அப்படியே: ஒரு முழுமையான தேதியைத் தா என்று அது கேட்டிருக்க, நாளையும் மாதத்தையும் ஆண்டையும் மூன்று துண்டுகளாகக் கொடுத்தால், விஷயம் ஒன்றே என்று நாம் வாதாடுவது அதன் காதில் ஏறாது.

அளவையும் இதோடு சேர்த்து எண்ணவேண்டும். கிராமத்து நிலத்தின் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஊரார் செண்ட் என்றும் காணி என்றும் குழி என்றும் பேசுவார்கள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை செண்ட். 40 என்ற வெறும் எண்ணை ஒருவர் செண்ட் என்று கொடுத்து மற்றவர் ஏர் என்று வாங்கினால், நிலம் காகிதத்தில் இரண்டரை மடங்காகிவிடும். 1999 செப்டம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் ஒன்று இப்படித்தான் அழிந்தது. உந்துவிசையை ஒரு பக்கத்தார் பவுண்டுக் கணக்கில் அனுப்ப, மறுபக்கத்தார் நியூட்டன் கணக்கு என்று கொண்டார்கள்.

இனி, சேவை மையத்தில் அந்தப் பெண் பொத்தானை அழுத்தியபின் கேள்வி எவ்வாறு பிரயாணம் செய்கிறது என்று பார்ப்போம். இணைய முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறி இட்டு, அதன்பின் பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒவ்வொரு விவரத்தையும் எழுதி, ஒன்றையும் மற்றொன்றையும் '&' என்ற குறியால் பிணைப்பது ஒரு முறை. கெட் என்று இதற்குப் பெயர். இங்கே மதிப்போடு பெயரும் ஒட்டியே வருவதால் இது உருபு சேர்த்த வாக்கியம் போன்றது. ஆனால் முகவரியில் எல்லா எழுத்தும் நேராகப் போக இயலாது. தமிழ் எழுத்தை விழுக்காட்டுக் குறியோடு கூடிய குறியீடுகளாக மாற்றியே அனுப்ப வேண்டும். 'பரங்கிப்பேட்டை' என்று நாம் எழுதுவது எட்டு எழுத்து. கணினி அதை ப, ர, ங, புள்ளி, க, இகரக் குறி என்று பிரித்துப் பதினான்கு குறியாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 42 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து இடம் பிடிக்கும். எட்டெழுத்து ஊர்ப்பெயர் 126 எழுத்தாக நீண்டு கம்பிவழி போய், மறுமுனையில் சர்வர் என்னும் வழங்கிக் கணினியில் மறுபடி எட்டெழுத்தாகச் சுருங்குகிறது. எந்த எழுத்தும் சிந்தாமல் இப்படிச் சென்று சேர்வதை நினைக்கையில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது.

முகவரியில் எழுதியது முகவரியோடேயே தங்கிவிடும் என்பதை மறக்கலாகாது. அது உலாவியின் பழைய பக்கப் பட்டியலில் இருக்கும்; சர்வரின் பதிவேட்டில் இருக்கும்; இணைப்பை நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் அதுவும் கூடவே போகும். ஊரின் பெயரை இப்படி அனுப்புவதில் தோஷமில்லை. கடவுச்சொல்லையோ ஆதார் எண்ணையோ அனுப்புவது தகாது. அவற்றை முகவரியில் காட்டாமல் வேண்டுகோளின் உடலுக்குள் வைத்து அனுப்பும் போஸ்ட் என்ற முறையே அத்தகையவற்றுக்கு உரியது. அதுவும் பூட்டிய வழியாகிய எச்டிடிபிஎஸ் வழியே போகவேண்டும். முகவரியில் தெரியும் எண்ணை ஒன்று கூட்டிப் பார்க்க யாராலும் முடியும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஊரறிந்த ஆவணமானால் பாதகமில்லை; ஒருவருடைய மருத்துவக் குறிப்பானால், கேட்பவர் அதைப் பார்க்க உரிமையுடையவர்தாமா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் விசாரித்தே தரவேண்டும்.

சர்வரிடம் சேர்ந்த மதிப்பு, கடைசியாகத் தரவுத்தளத்தின் வாசலுக்குச் செல்கிறது. அங்கேதான் ஜாக்கிரதை மிகவும் அவசியம். பரங்கியர் வந்துபோன இந்தக் கடற்கரையில் டி'குரூஸ், டி'சூசா என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் பெயரின் நடுவே ஓர் ஒற்றை மேற்கோள் குறி வரும். தரவுத்தளத்துக்கு எழுதும் கட்டளையிலோ, மதிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே குறிதான். வந்த பெயரை அப்படியே கட்டளையின் நடுவில் ஒட்டவைக்கும் நிரலில், டி'குரூஸ் என்ற நிரபராதியான பெயரின் 'டி'யோடு மதிப்பு முடிந்துவிட்டதாகவும், 'குரூஸ்' என்பது கட்டளையின் பகுதி என்றும் கணினி எண்ணிக்கொண்டு தடுமாறும். துஷ்டன் ஒருவன் அந்தக் குறியை வேண்டுமென்றே இட்டு, அதன்பின் 'எல்லாப் பதிவுகளையும் காட்டு' என்றோ 'அழித்துவிடு' என்றோ எழுதினால், அதுவும் கட்டளையாகவே நிறைவேறிவிடக்கூடும். 1998இல் ஃப்ராக் என்ற மின்னிதழில் வெளிப்படையாக விவரிக்கப்பட்ட இந்தத் தாக்குதலுக்கு எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று பெயர்.

பரிகாரம் எளியது. கட்டளையை முதலிலேயே முழுவதும் எழுதி, மதிப்பு வரவேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டு, தரவுத்தளத்திடம் கொடுத்துவிட வேண்டும். மதிப்புகளைப் பிறகு தனியே அனுப்ப வேண்டும். கட்டளையின் பொருள் அதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டபடியால், மதிப்பாக வந்தது எத்தனை கபடமாயிருந்தாலும் மதிப்பாகவே இருக்கும், கட்டளையாக மாறாது. இதையே மேலும் ஒழுங்குபடுத்தி, தரவுத்தளத்தின் உள்ளேயே பெயரிட்ட செயல்முறைகளை எழுதிச் சேமித்து வைப்பதும் வழக்கம். தாலுகா அலுவலகத்துப் பதிவறையில் நாம் நுழைந்து கட்டுகளைப் புரட்ட முடியாது. விண்ணப்பத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தால் எழுத்தர் உள்ளே சென்று உரியதை எடுத்து வருகிறார். சேமித்த செயல்முறை அந்த எழுத்தரைப் போன்றது. உள்ளே போகும் அளபுருக்கள் இவை, வெளியே வருபவை இவை என்று அதற்கு வரையறை உண்டு. ஆயினும் அந்த எழுத்தரே விண்ணப்பத்தில் உள்ளதைக் கட்டளை என்று எண்ணிச் செய்யத் தொடங்கினால், அதாவது செயல்முறையின் உள்ளே மறுபடி ஒட்டுவேலை நடந்தால், பழைய ஆபத்து திரும்பி வந்துவிடும். துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சோதித்து, இது அரிசி, இது துணி என்று எழுதிக்கொண்டே ஊருக்குள் விடுவது உலக வழக்கம்; வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பும் சரக்கு என்று கருதிச் சோதிக்கும் நிரலே நம்பத்தக்க நிரல்.

இவ்வளவும் நிரல் எழுதுவோரின் கடமை. நம் கடமையும் ஒன்று உண்டு. திரையில் வந்த விடை நம்மைத் திடுக்கிட வைக்குமானால், ஏமாந்தோம் என்று கலங்குவதற்கு முன், எந்தக் கட்டத்தில் எதை இட்டோம், எந்த அளவையில் இட்டோம் என்று ஒருமுறை பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேற்றுமை உருபைப் படிக்கும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நன்று.

அன்று அந்தப் பெண் பட்டாவை அச்சிட்டுக் கொடுத்தபின், பெரியவரின் துண்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். '117/2' என்று இருந்ததன் கீழே, மாவட்டத்தையும் வட்டத்தையும் கிராமத்தையும் வரிசையாக எழுதி, 'புல எண் 117', 'உட்பிரிவு 2' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். "இனிமேல் எங்கே போனாலும் இதைக் காட்டுங்க அய்யா" என்றாள். அவர் அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பழையபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.